நாலு டைப்போலும் ஒரு வட்டமும்: கொப்பியில் தொடங்கும் அன்டெனாக் கணக்கு

மட்டக்களப்புக் கல்லடியில் நின்று பார்த்தால் கிழக்கே கடல், மேற்கே வாவி, வாவிக்கு அந்தப் பக்கம் நகரம். ஒரு டைப்போல் அன்டெனாவை, அதாவது நடுவில் கேபிள் கொழுவிய இரண்டு கைக் கம்பியை, அங்கே செங்குத்தாக நட்டு ஒரு சின்ன ரிசீவரில் கொழுவினால் அதற்கு இந்தத் திசை வேறுபாடு எதுவும் தெரியாது. கடல் பக்கமிருந்து வரும் மெலிந்த சிக்னலையும், நகரத்து எல்ஈடி விளக்குகளும் சோலார் இன்வர்ட்டர்களும் கிளப்புகிற இரைச்சலையும் ஒரே மாதிரி எடுத்து உங்கள் காதில் போடும். கடல் பக்கம் மட்டும் காது கொடு, நகரத்துப் பக்கம் காதை மூடு என்று அதற்குச் சொல்ல முடியுமா? ஒரு டைப்போலிடம் சொல்ல முடியாது. நாலு டைப்போலை ஒரு வட்டத்தில் நிறுத்தினால் சொல்லலாம், அதுவும் வெறும் கேபிள் நீளத்தாலேயே சொல்லலாம்.

உயர்தரத்தில் இணைந்த கணிதமோ பௌதிகவியலோ படித்தவர்களை, இப்போது படிக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கோசைன் தெரிந்தால் போதும், சிக்கலெண் தெரிந்தால் இன்னும் நல்லது. ஒரு கொப்பியும் கல்குலேட்டரும் கவராயமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் போட்டால் ஒரு நிமிடத்தில் படம் வந்துவிடும்தான், ஆனால் அந்தப் படம் ஏன் அப்படி வந்தது என்பது கையால் ஒரு தடவையாவது கூட்டிப் பார்த்தவருக்குத்தான் பிடிபடும். நான் முதலில் கட்டிய வளையம் கணக்கே இல்லாமல் கட்டியது. நாலு கேபிளையும் ஒரே நீளத்தில் வெட்டி ஒன்றாக இணைத்தேன், நாலு மடங்கு கேட்கும் என்று நம்பினேன். கேட்டது என்னவோ ஒரு தனி டைப்போலைவிடக் குறைவாகத்தான். கேபிளை மாற்றினேன், இணைப்பை மாற்றினேன், இரண்டு வாரம் போனது. பிழை கேபிளில் இல்லை. ஏன் அப்படி ஆனது என்று கீழே கணக்கே சொல்லும்.

முதலில் கோலடி

வசந்தன் ஆட்டத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்று கோலடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் ஒரே கணத்தில் அடித்தால் வட்டத்தின் நடுவில் இருப்பவருக்கு ஒரே சத்தமாகக் கேட்கும். வட்டத்துக்கு வெளியே கிழக்குப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படியில்லை. கிழக்கு ஓரத்துப் பிள்ளையின் சத்தம் முந்தி வரும், மேற்கு ஓரத்துப் பிள்ளையின் சத்தம் வட்டத்தைக் கடந்து பிந்தி வரும். வட்டத்தின் விட்டம் 6.8 மீற்றர் என்று வையுங்கள். ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் அளவில் போகிறது என்றால் அந்த இடைவெளி ஒரு செக்கனில் 50இல் ஒரு பங்கு. கிழக்கே இருப்பவருக்கு எல்லாம் ஒன்றாக விழவேண்டுமென்றால் மேற்குப் பிள்ளை அந்த அளவுக்கு முந்தி அடிக்க வேண்டும், வடக்கிலும் தெற்கிலும் நிற்பவர்கள் அதற்குப் பாதி முந்தி, கிழக்குப் பிள்ளை கடைசியில். அப்படி அடித்தால் மேற்கே உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் சிதறிக் கேட்கும்.

அன்டெனாவிலும் இதுதான் நடக்கிறது, ஒரு வித்தியாசம் மட்டும். வானொலி அலை ஏறி இறங்குகிற அலை, ஆகவே பிந்தி வருவது சிதறுவது மட்டுமல்ல, சரியாக அரை அலை பிந்தினால் முன்னதை அழித்தே விடும். அந்த அழிவைத்தான் நாம் மேற்குப் பக்கம் திருப்பப்போகிறோம்.

அளவுகளைப் பாகையாக்குதல்

கணக்குக்கு இலகுவாக 150 மெகாஹேர்ட்ஸ் எடுப்போம். ஒளியின் வேகத்தை மீடிறனால் பிரித்தால் அலைநீளம் 2 மீற்றர். வட்டத்தின் ஆரம் அரை மீற்றர், அதாவது கால் அலைநீளம். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று நாலு முனையிலும் ஒவ்வொரு அரையலை டைப்போல், எல்லாம் செங்குத்தாக.

இப்போது நீளத்தை மறந்துவிட்டுப் பாகையில் யோசியுங்கள். ஒரு அலைநீளம் 360 பாகை என்றால் அரை மீற்றர் ஆரம் 90 பாகை. இதை ஆரப்பாகை என்று கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள், இனி வருகிற எல்லாக் கணக்குக்கும் இந்த ஒரு எண்தான் ஆதாரம். பெரிய புத்தகங்களில் இதே அளவு ரேடியனில், பையின் அரைவாசி என்று வரும்.

ஒரு திசையில் தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒவ்வொரு டைப்போலும் வட்ட மையத்தைவிட எவ்வளவு கிட்ட இருக்கிறது? கவராயத்தால் வட்டம் வரைந்து செங்குத்துக் கோடு இறக்கிப் பார்த்தால் விடை வந்துவிடும். ஆரப்பாகையை, பார்க்கும் திசைக்கும் டைப்போல் நிற்கும் திசைக்கும் இடையிலான கோணத்தின் கோசைனால் பெருக்க வேண்டும். கிழக்கே இருந்து பார்த்தால் கிழக்கு டைப்போல் 90 பாகை முந்தி, மேற்கு 90 பாகை பிந்தி, வடக்கும் தெற்கும் பூச்சியம். இதோடு கேபிளால் நாம் ஊட்டுகிற அவத்தையை, அதாவது அலையை எத்தனை பாகை முந்த அல்லது பிந்த வைக்கிறோம் என்பதை, கூட்டினால் அந்த டைப்போலின் மொத்த அவத்தை. நாலு டைப்போலுக்கும் நாலு அவத்தை, ஒவ்வொன்றையும் ஓரலகு நீளமுள்ள காவியாக வரைந்து கூட்டுங்கள். வட்ட வரிசைக் கணக்கின் முதுகெலும்பு இவ்வளவுதான், 4 டைப்போல் என்றாலும் 48 டைப்போல் என்றாலும் இதே கூட்டல்தான்.

முதலில் நான் செய்த பிழையைக் கூட்டிப் பாருங்கள். ஊட்டும் அவத்தை எல்லாவற்றுக்கும் பூச்சியம். கிழக்கே: கிழக்கு டைப்போல் +90, மேற்கு −90, இரண்டு காவியும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று அழித்துவிடும், மிஞ்சுவது வடக்கும் தெற்கும், மொத்தம் 2. நாலுக்கு 2. வடகிழக்கே பார்த்தால் எல்லாம் 63.6 பாகையில் ஏறியும் இறங்கியும் நிற்கும், கூட்டினால் 1.78. ஆக எல்லாத் திசையிலும் ஏறத்தாழ ஒரே அளவு, வட்டம்தான், ஆனால் சிறுத்த வட்டம். மின்சக்தியையும் சேர்த்துக் கணித்தால் அடிவானப் பக்கம் ஒரு தனி டைப்போலைவிட 1 முதல் 2 டெசிபெல் குறைவு, மிச்சம் சரிந்து மேலேயும் கீழேயும் போய்விடுகிறது. என் இரண்டு வாரமும் அங்கேதான் போனது.

கிழக்கைப் பார்க்க வைத்தல்

வசந்தன் பிள்ளைகளைப் போலவே செய்வோம். கிழக்கில் எல்லாம் ஒன்றாக விழவேண்டும், ஆகவே அங்கே முந்தி நிற்பவரை அதே அளவு பிந்த வைக்க வேண்டும். கிழக்கு டைப்போலுக்கு −90, மேற்குக்கு +90, வடக்குக்கும் தெற்குக்கும் 0. இப்போது கிழக்கே கூட்டினால் முழு 4.

மேற்கே? கிழக்கு டைப்போல் −90, ஊட்டியது −90, மொத்தம் −180. மேற்கு டைப்போல் +180. இரண்டும் சேர்ந்து −2. வடக்கும் தெற்கும் +2. விடை பூச்சியம். நகரத்துப் பக்கம் காதை மூடியாயிற்று. வடக்கையும் நீங்களே செய்து பாருங்கள், அங்கேயும் பூச்சியம், தெற்கும் அப்படியே.

கிழக்கிலிருந்து 30 பாகை விலகினால் 3.37, 45 பாகையில் 2.68, 60 பாகையில் 1.83. சக்தி பாதியாகிற இடம் 42 பாகைக்கு அருகே, ஆகவே கற்றையின் அகலம் சுமார் 84 பாகை. கல்லடியில் நின்றால் கடல் பக்கத்தின் நடுப் பாதியைக் கிட்டத்தட்ட அணைத்துக்கொள்ளும் அளவு. 90ஐத் தாண்டினால் பின்னால் ஒரு சின்ன இலை முளைக்கிறது, 125 பாகை அளவில் அது 1ஐத் தொடும், அதாவது முன்பக்கத்தின் கால்வாசி, 12 டெசிபெல் கீழே. இந்த எண்களைக் கொப்பியில் வட்டத்தாளில் புள்ளிவைத்து இணையுங்கள். அந்தப் படத்தை ஒரு தடவை கையால் வரைந்தவர் பிறகு எந்த மென்பொருள் படத்தையும் பார்த்து ஏமாறமாட்டார்.

டைப்போலுக்கு என்று மேலும் கீழுமான ஒரு வடிவம் தனியே இருக்கிறது: அடிவானத்தில் 1, அடிவானத்திலிருந்து 30 பாகை உயர்த்தினால் 0.82, 60 பாகை உயர்த்தினால் 0.42, நேர் உச்சியில் பூச்சியம். வட்டத்தின் கூட்டலை இதனால் பெருக்கினால் முழு வடிவம். உயரக் கோணத்தில் பார்க்கும்போது ஆரப்பாகையையும் அந்த உயரத்தின் கோசைனால் குறைத்துக்கொள்ள வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

அந்தப் பூச்சியம் அதிர்ஷ்டம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் புதிதாகக் கட்டுகிற பலர் வழுக்கி விழுகிற இடம் இதுதான். வட்டம் என்றால் எந்தத் திசைக்கும் ஒன்றுதானே, அவத்தையை மாற்றி வடகிழக்கே திருப்பினாலும் இதே வடிவம் அப்படியே திரும்பும் என்று நினைப்போம். செய்து பாருங்கள். வடகிழக்குக்கு: கிழக்கு, வடக்கு இரண்டுக்கும் −63.6, மேற்கு, தெற்கு இரண்டுக்கும் +63.6. வடகிழக்கே 4 வந்துவிட்டது, நல்லது. நேர் பின்னால் தென்மேற்கே நாலு டைப்போலும் 127.3 பாகையில் ஏறியும் இறங்கியும் நிற்கின்றன, அதன் கோசைன் −0.606, நாலையும் கூட்டினால் −2.42. முன்னால் 4, பின்னால் 2.42! வெறும் 4.35 டெசிபெல் வித்தியாசம். கிழக்கைப் பார்த்தபோது பின்பக்கம் முழுதாக அடங்கியிருந்த அதே வளையம், 45 பாகை திருப்பியதும் பின்னாலும் காதைத் திறந்து வைத்துக்கொள்கிறது.

ஏன் என்பதைத் தான் பெசல் சார்புகள் சொல்கின்றன. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், கோசைன் மாதிரி அதுவும் ஒரு அலைகிற சார்பு, ஆனால் போகப்போக உயரம் குறைந்துகொண்டே போகும். வளையத்தில் இடைவெளியே இல்லாமல் எண்ணிறந்த டைப்போல்கள் நின்றால் நேர் பின்னால் கிடைக்கிற அளவு, பூச்சிய வரிசைப் பெசல் சார்பின் பெறுமதி: ஆரப்பாகையின் இரு மடங்கை, அதாவது 180 பாகையை, ரேடியனில் கொடுத்தால் −0.304. முன்பக்கத்தை 1 என்று வைத்த கணக்கு இது, சுமார் 10 டெசிபெல் கீழே. எந்தத் திசைக்குத் திருப்பினாலும் அதே அளவு. நாலே டைப்போல் என்றால் இதோடு ஒரு திருத்தம் சேர்கிறது, 4ஆம் வரிசைப் பெசல் சார்பின் இரு மடங்கு, 0.303. கிழக்கைப் பார்த்தால் அது கூட்டலாக வந்து −0.304ஐ அழித்துவிடுகிறது. வடகிழக்கைப் பார்த்தால் அதே திருத்தம் கழித்தலாக வந்து −0.606 ஆக்குகிறது. அதற்கு மேலே 8ஆம் வரிசை வருவது 0.0014 மட்டும், அதை விட்டுவிடலாம்.

ஆக நாம் கொண்டாடிய பூச்சியம் வட்டத்தின் குணம் இல்லை, நாலு என்ற எண்ணும் கால் அலைநீள ஆரமும் ஒரு திசையில் சந்தித்ததால் வந்தது. 6 டைப்போல் வைத்தால் திருத்தம் 0.03 ஆகக் குறைகிறது, 8 வைத்தால் 0.0014. எட்டில் இந்த வளையம் உண்மையான வட்டம் போல நடக்கும், எங்கே திருப்பினாலும் ஒரே வடிவம், ஆனால் பின்பக்கம் 10 டெசிபெல்தான் கீழே. ஒரே திசையைப் பார்த்தால் போதும் என்பவருக்கு நாலு போதும், நாலு பக்கமும் மாறி மாறிப் பார்க்கவும் நாலு போதும். திசை தேடுகிறவருக்கு, சுழன்று சுழன்று பார்க்க வேண்டியவருக்கு, எண்ணிக்கை கூடவேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் உருவான வுல்லன்வெபர் என்ற மாபெரும் திசைகாட்டி வளையங்களிலும், விமானங்களுக்கு வழிசொல்லும் டொப்ளர் நிலையங்களிலும் பல பத்து அன்டெனாக்களை வட்டமாக நட்டிருப்பதற்குப் பின்னால் நிற்பது இந்த எண்ணிக்கைக் கணக்குத்தான்.

அயலவன் தொல்லை

இதுவரை ஒவ்வொரு டைப்போலிலும் ஒரே அளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டோம். பரப்புகிறவர்களுக்கு அது தானாக நடக்காது. 0.7 மீற்றர், ஒரு மீற்றர் தூரத்தில் நிற்கிற டைப்போல்கள் ஒன்றில் ஓடுகிற மின்னோட்டத்தால் மற்றதில் வோல்ற்றளவைத் தூண்டும். ஆகவே ஒவ்வொன்றின் முனையிலும் தெரிகிற இம்பீடன்ஸ் (தடையும், அவத்தையைத் திருப்புகிற ரியாக்டன்ஸும் சேர்ந்த மொத்த எதிர்ப்பு), தன்னுடையது மட்டுமல்ல, அயலவர் கொடுப்பதும் சேர்ந்தது.

தனியே நிற்கிற மெல்லிய அரையலை டைப்போலுக்குத் தடை 73.1 ஓம், ரியாக்டன்ஸ் 42.5. நம் வளையத்தில் பக்கத்து டைப்போலுக்கு உள்ள தூரம் 0.354 அலைநீளம், அதற்கான பரஸ்பர இம்பீடன்ஸ் தடை 16.7, ரியாக்டன்ஸ் −37.5. எதிர் டைப்போலுக்கு அரை அலைநீளம், தடை −12.5, ரியாக்டன்ஸ் −29.9. இனி ஒவ்வொரு அயலவரின் பங்கையும் அவரது அவத்தை வித்தியாசத்தால் சுழற்றிக் கூட்ட வேண்டும். 90 பாகை முந்தினால் கற்பனை அலகால் பெருக்குங்கள், 180 என்றால் குறியை மாற்றுங்கள். கிழக்கைப் பார்க்கிற ஊட்டலுக்குக் கிடைப்பவை இவை: கிழக்கு டைப்போலுக்குத் தடை 160.6, ரியாக்டன்ஸ் 105.8. வடக்குக்கும் தெற்குக்கும் 60.6, 12.6. மேற்குக்கு 10.6, 39.0.

ஒரே மாதிரி வெட்டிய நாலு டைப்போல், ஒன்று 160 ஓம், இன்னொன்று 10 ஓம்! மேற்கு டைப்போலின் ஊட்டத்தை அயலவர்களே கிட்டத்தட்ட சுமந்துவிடுகிறார்கள். நாலுக்கும் ஒரே மாதிரி 50 ஓம் கேபிள் போட்டு அவத்தைக்காக நீளத்தை மட்டும் மாற்றினால் மின்னோட்டங்கள் சமமாக வராது, கேபிளுக்குள் அவத்தையும் நீளத்துக்கு ஏற்ப நடக்காது, மேற்கே பூச்சியமும் வராது. பரப்புவதற்கு ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. கால் அலை நீளக் கேபிளின் ஒரு முனையில் உள்ள வோல்ற்றளவு, மறுமுனையில் ஓடுகிற மின்னோட்டத்தைத் தீர்மானித்துவிடும், அங்கே எந்த இம்பீடன்ஸ் இருந்தாலும் சரி. முக்கால் அலைக்கும் அப்படியே. ஆர்ஜி-58 மாதிரி வேகக் காரணி 0.66 உள்ள கேபிளில் கால் அலை 33 சென்ரிமீற்றர்தான், மையம் வரை எட்டாது, ஆகவே முக்கால் அலை, 99 சென்ரிமீற்றர். கிழக்குக்கும் மேற்குக்கும் ஒரு புள்ளியிலிருந்து, கிழக்குக்கு மட்டும் இடையில் ஒரு அரை அலைத் துண்டு. வடக்குக்கும் தெற்குக்கும் 90 பாகை பிந்திய இன்னொரு புள்ளியிலிருந்து. அந்த 90 பாகையை ஒரு சுருளும் கொள்ளளவியும் கொண்ட வலையால் அளந்து அளந்து சரிசெய்ய வேண்டும். புதியவர்கள் அங்கே முதலில் போக வேண்டாம்.

ஒரு நல்ல செய்தி: நாலு தடையையும் கூட்டுங்கள், 160.6 + 60.6 + 60.6 + 10.6 = 292.4. இது 73.1இன் சரியாக நாலு மடங்கு, கூட்டிய பங்குகள் எல்லாம் தமக்குள் அடிபட்டுப் போயின. ஆகவே முன்னால் புலம் நாலு மடங்கு, அதாவது சக்தி 16 மடங்கு, செலவான சக்தி நாலு மடங்கு, ஒரு தனி டைப்போலைவிட ஆதாயம் சரியாக 4, அதாவது 6 டெசிபெல். தாயம் தெரிந்தவர்களுக்கு ஒரு சொல்: வளையத்தின் இம்பீடன்ஸ் தாயத்தில் ஒவ்வொரு நிரையும் முந்தியதை ஒரு இடம் சுழற்றியதுதான், ஆகவே அதன் ஐகன் பெறுமதிகளை நேர்மாறு எடுக்காமலே எழுதிவிடலாம். எல்லாம் ஒரே அவத்தை என்றால் தடை 94.0, ஒன்றுவிட்டு ஒன்று குறிமாறினால் 27.2, சுற்றிவர 90 பாகை ஏறிப்போனால் 85.6. எட்டு டைப்போலுக்குப் போகும்போது இந்த வழி இல்லாமல் கைக்கணக்குச் சாத்தியமில்லை.

கட்டுதல்

கேட்கும் வளையத்தைத் தான் முதலில் கட்டுங்கள். கேட்பதில் பெரிய சலுகை ஒன்று உண்டு: ஒவ்வொரு டைப்போலும் ஒரே மாதிரி 75 ஓம் சுமையில் முடிந்தால் அயலவன் தொல்லை எல்லாத் திசையிலும் சமச்சீராக விழுகிறது. நான் கணித்தபடி மேற்குப் பூச்சியம் முழுப் பூச்சியமாக இல்லாமல் 22 முதல் 25 டெசிபெல் ஆழத்தில் நிற்கும். இரைச்சலை அடக்க அது தாராளம்.

டீவி இணைப்புச் சாமான்களே இதற்குப் போதும். டைப்போல் 73 ஓம், ஆர்ஜி-6 கேபிள் 75 ஓம், நாலு வழி டீவி ஸ்பிளிட்டரைத் தலைகீழாகப் போட்டால் அதுவே கூட்டி. டைப்போலுக்கு ஃப்ரிட்ஜ் திருத்துகிற கடைகளில் கிடைக்கிற மெல்லிய செப்புக் குழாய் நல்லது. மொத்த நீளம் அரை அலையில் 5 வீதம் குறைத்து 95 சென்ரிமீற்றர், நடுவில் சின்ன இடைவெளி விட்டு இரண்டு கை. அப்படிக் குறைத்தால் அந்த 42.5 ரியாக்டன்ஸ் பெரும்பாலும் போய்விடும். ஒரு மீற்றர் பீவீசி பைப் இரண்டைச் சிலுவையாகக் கட்டி நாலு முனையிலும் டைப்போல்களை நிறுத்துங்கள். சிலுவைக்கு இரும்போ அலுமினியமோ வேண்டாம். கேபிள் டைப்போலிலிருந்து செங்குத்தாக விலகி நேரே மையத்துக்கு வரவேண்டும், டைப்போலோடு ஒட்டித் தொங்கவிட்டால் கேபிளே அன்டெனாவாகிவிடும். டைப்போல் முனையில் கேபிளின் மேல் இரண்டு மூன்று ஃபெரைட் மணி போட்டால் அந்தத் தொல்லை குறையும்.

கேபிள் நீளந்தான் இந்த வேலையின் உயிர். ஆர்ஜி-6இன் வேகக் காரணி பெரும்பாலும் 0.82 அளவு, வாங்கும்போது அதன் விபரத்தைக் கேட்டுப் பாருங்கள். 0.82 என்றால் கேபிளுக்குள் அலைநீளம் 1.64 மீற்றர், 90 பாகை 41 சென்ரிமீற்றர். கிழக்கிலிருந்து வருகிற அலை முதலில் கிழக்கு டைப்போலைத் தொடுகிறது, ஆகவே அதைத்தான் கூடப் பிந்த வைக்க வேண்டும். மேற்குக்கு 1 மீற்றர், வடக்குக்கும் தெற்குக்கும் 1.41, கிழக்குக்கு 1.82. ஒரு சென்ரிமீற்றர் பிழை 2.2 பாகை. ஒரே ஒரு கேபிள் 10 பாகை பிழைத்தாலும் பூச்சியம் 27 டெசிபெல்லில் நின்றுவிடும், ஆகவே அரை சென்ரிமீற்றர் துல்லியத்தில் வெட்டினால் போதும், மில்லிமீற்றருக்குச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஆனால் நாலு டைப்போலின் உட்கம்பியும் ஒரே கைக்கு, எல்லாம் மேல் கைக்கோ எல்லாம் கீழ்க் கைக்கோ, போகவேண்டும். ஒன்று மாறிவிட்டால் 180 பாகை பிழை, முழு வேலையும் வீண். மட்டக்களப்பானாலும் ஒலுவிலானாலும் கரையோர உப்புக்காற்று செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்து முறுக்கிய மூட்டைச் சீக்கிரம் தின்றுவிடும், இணைப்புகளை இறுக்கிப் பொருத்தி சிலிக்கன் பூசுங்கள்.

வேறு மீடிறனுக்கு இதே கொப்பி போதும், எல்லா நீளத்தையும் ஒரே விகிதத்தால் பெருக்குங்கள். 145 மெகாஹேர்ட்ஸ் அமெச்சூர் அலைவரிசைக்கு 1.034, கப்பல்கள் அழைப்புக்கும் ஆபத்துக்கும் பாவிக்கிற 16ஆம் சனல் 156.8 மெகாஹேர்ட்ஸுக்கு 0.957. ஒலிபரப்ப விரும்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அமெச்சூர் அனுமதி எடுத்த பிறகுதான், கருவி கொண்டுவருவதற்கும் என்னென்ன அனுமதி வேண்டும் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். 1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் அடித்த கரை இது. கம்பியும் கோபுரமும் விழுந்த நாளில் அன்டெனாவைக் கையால் கட்டி எழுப்பத் தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு நாலு பேராவது இருக்க வேண்டும் என்பது எனக்குள்ள ஆசை.

அளத்தல்

அளக்கக் கடற்கரை வெளி நல்ல இடம், தென்னைக்கும் மதிலுக்கும் தூரமாகப் போங்கள். வளையத்தை மூன்று மீற்றர்த் தடியில் ஏற்றி, அனுமதி உள்ள நண்பர் ஒருவரைக் கையடக்கக் கருவியோடு, வளையத்தைக் கட்டிய அதே மீடிறனில், குறைந்த சக்தியில் 50, 100 மீற்றர் தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். அவர் அசையவேண்டாம், நீங்கள் தடியை 10 பாகைக்கு ஒரு தடவை திருப்பிக் கொப்பியில் டெசிபெல்லை எழுதுங்கள். கணினியில் செருகுகிற சின்ன ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிள் போதும், ஆனால் அதன் தானியங்கி ஆதாயத்தை அணைத்து ஒரே அளவில் வையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் சிக்னல் குறையும்போது தானே கூட்டிக்கொடுத்து உங்கள் பூச்சியத்தை நிரப்பிவிடும், நீங்களோ கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

நேர் பின்பக்கம் 20 டெசிபெல்லுக்கு மேல் விழுந்தால் கேபிள்கள் சரி. 10 அளவிலேயே நின்றால் ஏதோ ஒரு டைப்போலின் மூட்டைப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்று முழுதாகவே துண்டித்திருக்கும்: நாலில் ஒன்று போனால் மிஞ்சுவது முன்னால் 3, பின்னால் 1, அது 9.5 டெசிபெல். முன்னும் பின்னும் சமமாக வந்தால் ஒரு டைப்போல் தலைகீழ், முன்னால் 2, பின்னால் 2.

இது எல்லாம் ஒத்துவந்த பிறகு இன்னொரு சோதனை மிச்சம் இருக்கிறது. மேற்குக்கும் தெற்குக்கும் 1 மீற்றர், கிழக்குக்கும் வடக்குக்கும் 1.58 மீற்றர் என்று இன்னொரு கேபிள் கூட்டத்தை வெட்டிக் கொழுவுங்கள், வளையம் இப்போது வடகிழக்கைப் பார்க்கும். தென்மேற்கை அளந்து பாருங்கள். வெறும் கூட்டல் 4.35 டெசிபெல் என்றது, அயலவர் தாக்கத்தையும் 75 ஓம் சுமையையும் சேர்த்தால் 3க்கு அருகே வரவேண்டும். அந்த 3 உங்கள் கொப்பியில் விழுந்தால் வளையமும் கணக்கும் ஒன்றாகிவிட்டன, எட்டு டைப்போலுக்குப் பைப் வாங்கப் போகலாம்.